ரீசெட் வேறு, ரீஸ்டார்ட் வேறு ஐயா!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற மாத இதழின் கணினிப் பக்கத்தில் வீட்டு வைஃபை கோளாறு பற்றிய கட்டுரையைப் படித்தேன். படித்ததோடு விட்டிருக்கலாம். சொன்னபடி செய்தும் பார்த்தேன், அதுதான் வினை.

"எதற்கும் மசியாவிட்டால் ரவுட்டரை ரீசெட் செய்யுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் உங்கள் கட்டுரையாளர். என் ரவுட்டரின் முதுகில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை, பக்கத்தில் பொடி எழுத்தில் 'ரீசெட்'. சேஃப்டி பின்னை நுழைத்துப் பத்து எண்ணும்வரை அழுத்தினேன். விளக்குகள் மொத்தமாக அணைந்து மறுபடி மின்னின. வைஃபைக்கு நான் வைத்த பெயர், பாஸ்வேர்டு, இணைப்பு கொடுத்தவர்கள் என்றோ பதிந்துவிட்டுப் போன யூசர் நேம், எல்லாம் போயே போச்சு. அதுவரை கம்ப்யூட்டரில் மட்டும்தான் இணையம் இல்லை. அதற்கப்புறம் வீட்டில் யாருக்குமே இல்லை. ஆள் வந்து சரிசெய்யும்வரை மூன்று நாள், பெற்ற பிள்ளைகளே எனக்கு முகம் கொடுக்கவில்லை.

அவர் சொல்ல வந்தது ரீஸ்டார்ட். பிளக்கைப் பிடுங்கி, அரை நிமிடம் கழித்து மாட்டுவது. தங்களுக்குத் தெரியாததா?

இத்தனைக்கும் ரவுட்டர் மேல் குற்றமே இல்லை. அதே வைஃபையில் போன் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. போனில் வருகிறது, கம்ப்யூட்டரில் வரவில்லை என்றால் முதலில் கம்ப்யூட்டரைத்தான் பார்க்க வேண்டும் என்று எழுத ஒரு வரி இடமில்லையா? இணைப்பு திரும்பிய பிறகும் கம்ப்யூட்டர் பழைய குணத்தையே காட்டியது. பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவி வந்து கம்ப்யூட்டரின் இணைப்பு முகவரியைக் காட்டும் 'ஐபிகான்ஃபிக்' கட்டளையைத் தட்டினாள். 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரி வந்தது. ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காதபோது விண்டோஸ் தானே போட்டுக்கொள்வதாம். கம்ப்யூட்டரின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில், வைஃபையைப் பிடிக்கும் பாகமான அடாப்டரைத் திறந்தால், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அதை அணைத்துவிடலாம் என்று ஒரு டிக். கம்ப்யூட்டர் தூங்கி எழுந்தது, அடாப்டர் எழவில்லை! டிக்கை எடுத்துவிட்டாள். இரண்டு வாரமாகத் தொல்லை இல்லை.

எழுத உட்கார்ந்ததில் பழையதும் வருகிறது. ரவுட்டரை அலமாரிக்குள் ஒளித்து வைக்கும் அழகு யோசனையை வெளியிட்டதும் நீங்கள்தான். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டவே திணறும், அதற்குக் கதவு வேறு. மைக்ரோவேவ் ஓடும்போது வைஃபை ஏன் தடுமாறுகிறது என்று கேள்வி அனுப்பினேன், பதில் இல்லை. மைக்ரோவேவும் வைஃபையின் இன்னொரு அலைவரிசையும் 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டியே இயங்குகின்றன என்று நானே தேடித் தெரிந்துகொண்டேன். எல்லாவற்றுக்கும் மேல், இந்தக் கட்டுரையின் அடியில் "மேலும் விவரங்களுக்கு எங்கள் இணையதளத்தைப் பாருங்கள்" என்று ஒரு குறிப்பு. இணையம் வராதவனுக்கு எவ்வளவு பெரிய உபகாரம்!

ரீசெட் என்றால் என்ன, ரீஸ்டார்ட் என்றால் என்ன என்று அடுத்த இதழில் இரண்டு வரி, பெட்டி கட்டிப் போட்டால் போதும். கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில்.

இப்படிக்கு,
இன்னமும் சந்தா கட்டும் வாசகர்