ஆலமரத்தடியில் தேடிக் கொடுத்தவர்களுக்கு நன்றி

மொரீஷியஸின் போர்ட் லூயி கம்பெனித் தோட்டத்தில் போன புதன்கிழமை மதியம் அம்மாவின் காதுக்கருவியைத் தேடி எங்களோடு சேர்ந்து சருகு கிளறிய எல்லோருக்கும் வணக்கம்.

உங்களில் ஒருவர் பெயரும் எங்களுக்குத் தெரியாது. இருந்த பதற்றத்தில் கேட்கத் தோன்றவில்லை. அதனால்தான் இப்படி ஒரு மடல்.

அம்மா தஞ்சாவூரிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. எதைக் காட்டினாலும் ஊரோடு ஒப்பிட்டு ஊருக்கே மார்க் போடுகிறவர். தோட்டத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தில் டோடோவின் எலும்புக்கூட்டைக் காட்டினேன். ஒரே பறவையின் எலும்புகள் ஏறக்குறைய முழுசாகக் கிடைத்தது உலகத்திலேயே இது ஒன்றுதான், 1904 வாக்கில் தேடி எடுத்தவர் திரியூ என்ற முடிதிருத்துநர் என்றெல்லாம் சொன்னேன். "பாவம், வான்கோழி மாதிரி இருக்கு" என்றார். அவ்வளவுதான். வெளியே வந்து ஆலமரங்களைப் பார்த்ததும் முகமே மாறிவிட்டது. "நம்ம ஊரு மரம்டா!" என்று விழுதைப் பிடித்துக்கொண்டு நின்றார். நகரத்தின் நட்டநடுவில், உச்சி வெயிலில், வெளிச்சம் காசு காசாகத்தான் தரையில் விழுந்தது.

நிழலுக்கு வந்தோமே என்று தொப்பியைக் கழற்றினார். காதுக்கருவியும் கூடவே போயிருக்கிறது. எதைக் கேட்டாலும் சிரித்தபடியே இருந்தார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

புளியங்கொட்டை அளவுக் கருவி. நிறமும் சருகின் நிறம். (முடியோடு சேர்ந்துவிடும் என்று சொல்லி விற்றார்கள். அம்மாவுக்கு முடி நரைத்து 20 வருஷமாகிறது.) போதாக்குறைக்குத் தூறல் வேறு. நனைந்தால் கருவி போச்சு.

பெஞ்சில் காத்தோ பிமான் (மிளகாய் வடை) தின்றுகொண்டிருந்த அலுவலக அண்ணன்கள் மூவர் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு மண்டியிட்டீர்கள். ஓர் அம்மையார் எங்கள் அம்மாவுக்குக் குடை பிடித்தீர்கள். பெருக்கிக்கொண்டிருந்த பெரியவரே, உங்களை என்ன சொல்ல! காலையிலிருந்து கூட்டிச் சேர்த்த குவியலை நீங்களே கலைத்து, இலை இலையாக உதறினீர்கள். உங்கள் பாட்டி தமிழச்சி என்று கிரியோல் மொழியில் சொன்னீர்கள். நினைவிருந்த தமிழ்ச் சொற்களையும் அம்மாவுக்குச் சொல்லிக் காட்டினீர்கள்: ரசோன் (நம்ம ரசம்), முருங் (முருங்கை), கோவில். அம்மாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் தலையாட்டினார்.

பள்ளிச் சீருடையில் இருந்த பெண்ணே, கடைசியில் வேர் இடுக்கிலிருந்து எடுத்தவள் நீதான். பொத்திய கைக்குள் கருவி 'ஙீ' என்று கூவியது. பயந்து கீழே போடப் பார்த்தாய். கைக்குள் மூடினால் அப்படித்தான் கூவும். உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சத்தத்துக்கு அங்கிருந்த அத்தனை பேரும் கைதட்டினீர்கள். எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று அம்மா மட்டும் என்னைப் பார்த்தார்.

ஒரு விஷயம். அவசரத்தில் குடை எங்களோடு ரோஸ் ஹில் வந்துவிட்டது. நீலக் குடை, கைப்பிடியில் மஞ்சள் நூல் சுற்றியது. வரும் புதன்கிழமை 12 மணிக்கு அதே பெஞ்சில் இருப்போம். பெரியவரே, நீங்களும் வாருங்கள். ரசோன் கொண்டு வரப்போவதாக அம்மா சொல்கிறார்.