கருத்தடை மாத்திரையும் சத்து மாத்திரையும்: மகளுக்கு எழுதியது

உசிலம்பட்டி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. கருத்தடை மாத்திரை சாப்பிட்டு வரும்போதே கர்ப்பிணிகளுக்கான சத்து மாத்திரையையும் தொடங்கலாமா என்று நேற்றுத் தொலைபேசியில் கேட்டாய். அத்தை அருகில் இருந்ததால் உன்னால் விரிவாகப் பேச முடியவில்லை என்பது புரிந்தது. ஆகவே எழுத்திலேயே சொல்கிறேன்.

இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாம். சத்து மாத்திரையில் உள்ள போலிக் அமிலம் என்னும் வைட்டமினோ இரும்போ கால்சியமோ கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுப்பதில்லை. கெடுப்பவை வேறு: காசநோய்க்குத் தரும் ரிபாம்பிசின், வலிப்புக்குத் தரும் பெனிட்டாயின், கார்பமாசெபின் போன்றவை. அவற்றில் எதையேனும் எழுதித் தரும் மருத்துவரிடம் நீ கருத்தடை மாத்திரை சாப்பிடுவதைக் கூச்சமின்றிச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த ஆண்டு குழந்தைக்கு முயல்வதாக நீயும் மாப்பிள்ளையும் முடிவு செய்திருப்பதால், உனக்கு உண்மையில் வேண்டியது போலிக் அமிலம்தான். சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கரு தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. அப்போது உனக்கு நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்த காலத்தில், மூன்றாம் மாதம் பதிவு செய்ய வந்த பெண்களின் கையில் மாத்திரையைக் கொடுக்கும்போதெல்லாம், இதை முன்பே கொடுத்திருக்கக் கூடாதா என்று என் மனம் அடித்துக்கொள்ளும். நரம்புக் குழாய் சரியாக மூடாத குறையுள்ள குழந்தையை ஏற்கெனவே பெற்ற தாய்மாரிடம் நடத்தப்பட்டு 1991-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்கிய போலிக் அமிலம் அடுத்த பிள்ளைக்கு அக்குறை வருவதை 72 விழுக்காடு குறைத்தது. அவர்களுக்குத் தந்தது நாளுக்கு 4 மில்லிகிராம் என்னும் பெரிய அளவு. உனக்கு 400 மைக்ரோகிராம் போதும். கருத்தடை மாத்திரையை நிறுத்திய முதல் மாதத்திலேயே கரு தங்கிவிடக்கூடும் என்பதால், நிறுத்துவதற்கு ஒரு மாதத்திற்கு முன்பாவது, முடிந்தால் மூன்று மாதத்திற்கு முன்பே, இதைத் தொடங்கிவிடு. கர்ப்பமான பின் முதல் 12 வாரமும் தொடர வேண்டும்.

இரும்புச்சத்து விஷயத்தில் மட்டும் அவசரப்படாதே. அரசு இலவசமாகத் தரும் மாலா-என் என்னும் கருத்தடை மாத்திரை அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். அவற்றில் 21 மட்டுமே ஹார்மோன், மீதி ஏழும் இரும்பு மாத்திரைகள். நீ கடையில் வாங்கும் அட்டையும் அப்படிப்பட்டதா என்று பார். தேவைக்கு மிஞ்சிய இரும்பை வெளியேற்ற உடம்புக்குத் தனி வழியில்லை. ஆகவே ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொண்டு, குறைவாக இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் சாப்பிடு. முடி நீளமாக வளரும் என்று யாரோ சொன்னதற்காகக் கர்ப்பிணிகளின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

இரும்பு மாத்திரை சாப்பிட வேண்டி வந்தால், சிலருக்கு அது வெறும் வயிற்றில் குமட்டும், மலச்சிக்கலும் வரும். மலம் கறுத்துப் போவதைக் கண்டு பயப்படாதே. கருத்தடை மாத்திரையை இரவிலும் இரும்பை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் வைத்துக்கொள், ஏனென்றால் கருத்தடை மாத்திரை விழுங்கிய மூன்று மணி நேரத்திற்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று விழுங்க வேண்டியிருக்கும். தேநீர், காப்பி, கால்சியம் மாத்திரை ஆகியவற்றுக்கும் இரும்புக்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ உடன் இருந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். நம் கொல்லை முருங்கைக் கீரையும் பாசிப்பயறும் உனக்குப் பழக்கமானவைதாம்; அங்கும் வாரத்தில் சில நாட்களாவது சமைத்துச் சாப்பிடு. ஆனாலும் போலிக் அமிலத்துக்கு உணவை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

இரண்டு கம்பெனிகளின் சத்து மாத்திரைகளை ஒரே நேரத்தில் சாப்பிடாதே. ரெட்டினால் வடிவிலுள்ள வைட்டமின் ஏ இரண்டிலும் சேர்ந்து அளவு மீறினால், அதுவே கருவுக்குக் கேடாகும். எதையும் வாங்குவதற்கு முன் அட்டையின் பின்பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. இப்போது சாப்பிடும் கருத்தடை அட்டையின் படத்தையும் சேர்த்தே அனுப்பிவிடு.

அன்புடன்,
அம்மா