திட்டியது தவறு

தக்கலை,
ஞாயிறு மாலை

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்தியின் பல் வைத்தியத்துக்காக நாகர்கோவிலுக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் உடனே எழுத முடியவில்லை.

அவளுக்கு ஏழு வயது. குழாய்த் தண்ணீர் பட்டாலே கன்னத்தைப் பிடித்துக்கொள்வாள். பல் துலக்கச் சொன்னால் அழுவாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். முளைத்து ஒரு வருடமான கடைவாய்ப் பல், மஞ்சளும் பழுப்புமாக ஓரம் உதிர்ந்திருந்தது. மிட்டாய் தின்றதன் பலன் என்று கடுமையாகத் திட்டிவிட்டேன்.

மருத்துவர் பஞ்சால் மெல்ல ஒற்றிப் பார்த்துவிட்டு, "இது சொத்தையாகத் தொடங்கியதல்ல, பல்லின் மேலோடான எனாமலே உறுதியில்லாமல் உருவாகியிருக்கிறது" என்றார். ஆறு வயதில் முளைக்கும் இந்தப் பல்லுக்கு, பிறக்கும் சமயத்திலிருந்து மூன்று வயதுக்குள் ஈறுக்குள்ளேயே எனாமல் அமைந்துவிடுகிறதாம். அந்த வயதில் வரும் நோய்களோடு தொடர்பு இருக்கலாம், ஆனால் இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடியாது என்றார். ஒரு வயதில் அவள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்த இரவுகள்தாம் என் கண்முன் வந்தன.

தண்ணீரில் உள்ள ஃபுளோரைடோ என்று கேட்டேன். அதுவானால் கறை இருபுறமும் ஒரே மாதிரியாக, விளிம்பு தெரியாமல் பரவியிருக்குமாம். பரம்பரைக் கோளாறானால் பெரும்பாலும் எல்லாப் பற்களிலும் தெரியும். இவளுக்கு இரண்டு கடைவாய்ப் பற்களிலும் ஒரு முன்பல்லிலும் மட்டும் எல்லை தெளிவான திட்டுகள்.

எனாமலை உண்டாக்கும் செல்கள் பல் முளைப்பதோடு அழிந்துவிடுவதால், உதிர்ந்தது திரும்ப வளராது. இருப்பதைக் காப்பதுதான் வைத்தியம். ஓரம் உதிர்ந்த பல்லுக்கு ஸ்டீல் கேப் போட்டார். இத்தகைய பற்களில் மரத்துப்போகும் ஊசி எளிதில் பிடிக்காது. இரண்டாவது ஊசியும் தேவைப்பட்டது. என் விரலை விடாமல் பிடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள். மற்றக் கடைவாய்ப் பல்லில் பல் சிமெண்ட் அடைத்து, எனாமலை உறுதிப்படுத்த ஃபுளோரைடு வார்னிஷ் பூசினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். முன்பல்லை இப்போது தொட வேண்டாம் என்றார். வீட்டில் வெதுவெதுப்பான தண்ணீரில் வாய் கொப்பளிக்கிறாள்.

உன் பேரனுக்கு ஆறு முடியப்போகிறது என்று எழுதியிருந்தாய். கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே இந்தப் பல் முளைக்கும். பால்பல்தானே, விழுந்துவிடும் என்று நாங்கள் விட்டதுபோல் விட்டுவிடாதே. டார்ச் அடித்துப் பார். பழுப்போ வெள்ளைத் திட்டோ தெரிந்தால், ஓரம் உதிரும் முன்பே கூட்டிக்கொண்டு போ.

பேத்தியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நேற்று மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் வைத்தோம். இரண்டு பக்கமும் மென்று தின்றாள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்