கொட்டாய் கட்டும் முன் வாட்டம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தை பிறந்துவிட்டால் எங்கள் கே.வி.குப்பம் பக்கத்தில் மேஸ்திரிகளைப் பிடிக்கவே முடியாது. மழை விட்டிருக்கும், சம்பா அறுத்த பணம் கையில் இருக்கும், ஆளாளுக்கு மாட்டுக்கொட்டாய் கட்ட ஆரம்பிப்பார்கள். 100 நாள் வேலைத் திட்டத்திலும் நிறைய பேருக்குக் கொட்டகை கிடைத்தது, நல்ல காரியம், அதைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. ஆனால் கட்டுகிறவர்கள் ஷீட் என்ன விலை, கம்பி என்ன விலை என்று பத்து பேரிடம் விசாரிக்கிறார்கள், மனையில் எந்த இடத்தில் கட்டுவது என்று ஒருவரிடமும் கேட்பதில்லை. காலி இடம் எங்கே இருக்கிறதோ அங்கே கடைக்கால் எடுத்துவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் கட்டினோம். அதனால் பட்டதை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

எங்கள் ஊரில் நிலம் வடக்கே உயரம், தெற்கே பாலாற்றைப் பார்த்து இறக்கம். தாத்தா காலத்து மனையில் இந்த வாட்டத்தை வைத்துத்தான் எல்லாமே இருந்தது. மேட்டில் கிணறு. அதற்குக் கீழே வீடு. வீட்டுக்குத் தெற்கே கொட்டாய், அதையும் தாண்டித் தென்கிழக்கு ஓரமாக எருக்குழி, அப்புறம் கழனி. கிணற்றில் இறைத்த தண்ணீர் வீட்டில் புழங்கி, கொட்டாயைக் கழுவி, சாணியும் மூத்திரமுமாகக் கழனியில் போய்ச் சேரும், எங்கேயும் திரும்பி மேலே வராது. வீட்டுக்குக் கிழக்கே களம். ஆடி ஆவணியில் சொர்ணவாரி நெல் தூற்றும்போது மேல்காற்று தூசியையும் பதரையும் கிழக்கே கொல்லைப் பக்கம் அடித்துக்கொண்டு போகும், வீட்டுக்குள் ஒரு சுணை வராது. வைக்கோல் போர் கொட்டாய்க்கு மேற்கே இருந்தது. சின்ன வயதில் எனக்கு அது ஏன் என்று புரியவில்லை. சித்திரை வெயிலில் மூன்று மணிக்கு அந்தப் போரின் நிழல் மாடுகள் மேல் விழுவதை இப்போது நினைத்துப் பார்த்தால்தான் புரிகிறது. அடுப்பங்கரை கிழக்கு ஓரத்தில், அதனால் மேல்காற்றில் பொறி பறந்தாலும் போர்ப் பக்கம் போகாது. கேழ்வரகு நடுவீட்டில் மண் குதிரில் இருக்கும், அடியில் கல் கொடுத்துத் தரையிலிருந்து தூக்கி வைத்த குதிர். வாயை மண் பூசி அடைத்தால் அடுத்த வருஷமும் வண்டு இல்லாமல் எடுக்கலாம். தாத்தா எழுதப் படிக்கத் தெரியாதவர், இதற்கெல்லாம் படம் போட்டுக் கொடுக்க அவருக்கு யாரும் கிடையாது.

இதை உடைத்தது பாகப்பிரிவினை. தெற்குப் பாதி சித்தப்பாவுக்கு, வடக்குப் பாதி அப்பாவுக்கு. கிணறும் வண்டிப் பாதையும் பொது என்று பத்திரத்தில் எழுதினார்கள், களம், எருக்குழி, போர் போடும் இடம் பற்றி ஒரு வரி இல்லை. பழைய பத்திரங்களில் களத்தையும் பொதுவில் விடுவார்கள், எங்களுக்கு அது தோன்றவில்லை. களத்தின் பெரும்பகுதி சித்தப்பா பாகத்தில் போனது, கொட்டாயும் எருக்குழியும் அந்தப் பக்கமே. 2014ல் நானும் தம்பியும் எங்கள் பாகத்தில் வடமேற்கு மூலையில் புதுக் கொட்டாய் போட்டோம். வாயு மூலையில் மாடு கட்டுவது விசேஷம் என்று மனையடி பார்த்தவரும் சொன்னார். அப்பா மட்டும், "கெணத்துக்கு மேல மாட்டக் கட்டாதீங்கடா, மழை பேஞ்சா எல்லாம் எங்க வரும்னு பாருங்க" என்றார். நாங்கள் கேட்கவில்லை.

2021 நவம்பர் மழை எல்லோருக்கும் நினைவிருக்கும், பாலாற்றில் அப்படி ஒரு வெள்ளத்தை எங்கள் வயதில் நாங்கள் பார்த்ததில்லை. புதுக் கொட்டாய்ப் பக்கம் நாங்கள் வெட்டிய எருக்குழி ரொம்பி, கொட்டாய்த் தண்ணீரோடு சேர்ந்து நேராகக் கிணற்றுக்கு வந்தது. மழை விட்டுத் தண்ணீர் தெளிந்தும் வாடை போகவில்லை. பரிசோதனைக்குக் கொடுத்தபோது நைட்ரேட் அளவு மீறி இருந்தது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் எல்லை. கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கரைத்துக் கொடுத்தால் ரத்தம் பிராணவாயுவை ஏந்தாமல் உடம்பு நீலம் பாய்ந்துவிடும் என்றார்கள், கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டுவதால் இன்னும் கூடத்தான் செய்யும். தங்கை அப்போது பிரசவத்துக்கு வந்து பச்சைக் குழந்தையோடு வீட்டில் இருந்தாள். சொந்தக் கிணறு வைத்துக்கொண்டு கேன் தண்ணீர் வாங்கினோம். அந்த மாதங்களில் அப்பா எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

அதற்கு முன்பே 2018ல் ஒரு மாட்டை இழந்திருந்தோம், அதுவும் இடம் செய்த வேலைதான். சிக்கனம் பார்த்து நெல் வைக்கும் அறையைக் கொட்டாயோடு ஒரே சுவராகக் கட்டி, கதவையும் கொட்டாய்ப் பக்கமே வைத்தோம். ஒரு ராத்திரி இரண்டாம் ஈத்து ஜெர்சிக் கலப்பு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு, சரியாகத் தாழ் போடாத கதவை முட்டித் திறந்து, அவிழ்த்து வைத்திருந்த மூட்டையில் வயிறு முட்டத் தின்றுவிட்டது. காலையில் அசை போடவில்லை, பல்லை நறநறவென்று கடித்தது, சாணி புளித்த வாடையோடு தண்ணீராகப் போனது, சாயங்காலத்துக்குள் படுத்துவிட்டது. கால்நடை மருத்துவர் வந்து சோடா உப்புக் கரைத்து ஊற்றி, ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றிப் பார்த்தார். தானியம் ஒரேயடியாக உள்ளே போனால் வயிற்றில் புளித்து அமிலமாகி ரத்தத்தில் ஏறிவிடும், நேரம் கடந்துவிட்டது என்றார். மாட்டுப் பொங்கலுக்கு ஆசையாக அண்டா பொங்கலை ஊட்டி விடுகிறோமே, அதிலும் இதே ஆபத்துதான். தயவுசெய்து தானிய அறைக் கதவை மாடு நிற்கும் பக்கம் வைக்காதீர்கள். எலித் தொல்லைக்கும் தனிச் சுவர்தான் நல்லது, கொட்டாயில் சிந்தும் தவிட்டுக்கு வருகிற எலி ஒரே சுவர் என்றால் நெல்லுக்கும் வந்துவிடும்.

வைக்கோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு போர் போடத் தெரிந்த ஆள் வேய்ந்த போரில் மழை கூரை மாதிரி வழிந்து ஓடும், மேலே ஒரு சாண் கறுக்கும், உள்ளே பொன் மாதிரி இருக்கும். இப்போது மெஷினில் அறுத்து, மெஷினிலேயே உருளைக் கட்டாகக் கட்டி வாங்குகிறோம். அந்தக் கட்டு தண்ணீரை வழிய விடாது, உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஈரத்தோடு அடுக்கினால் உள்ளே சூடேறித் தானாகவே தீப்பிடிப்பதும் உண்டு, பிடிக்காவிட்டாலும் பூஞ்சணம் நிச்சயம். பூஞ்சணம் பிடித்த தீவனத்தின் நஞ்சு பாலிலும் இறங்கும். அதனால் கட்டு வைக்கோலுக்குத் தனிக் கூரை, அடியில் பலகையோ கல்லோ, கரண்ட் கம்பிக்கும் அடுப்புக்கும் எட்டாத இடம் வேண்டும். களமும் அப்படித்தான். மெஷினில் அறுத்த நெல் ஈரம் கூடுதலாக வருகிறது. கொள்முதலுக்கு 17 சதவீதம் வரை எடுப்பார்கள், வீட்டில் வைக்க வேண்டுமென்றால் 14க்குள் காய வேண்டும். களத்தை வீட்டு மனையாக்கிவிட்டு நெல்லைத் தார் ரோட்டில் கொட்டி, லாரிக்கும் பைக்குக்கும் நடுவில் உட்கார்ந்து துழாவுகிறோம்.

2022ல் சித்தப்பா மகனோடு உட்கார்ந்து பேசி, எங்கள் மேற்குக் கொல்லையில் கொஞ்சம் கொடுத்து, தெற்கே அதே அளவு இடத்தைப் பரிவர்த்தனை செய்துகொண்டோம். களத்தையும் எருக்குழியையும் இரண்டு வீட்டுக்கும் பொது என்று எழுத்திலேயே வைத்துவிட்டோம். அங்கே கட்டிய புதுக் கொட்டாய் கிழக்கு மேற்காக நீளம், அப்போதுதான் வெயில் உள்ளே குறைவாக இறங்குகிறது. மாடு ஒன்றுக்குக் கூரைக்குள் 40 சதுர அடி, வெளியே திறந்த இடமாக 75 சதுர அடி விட்டோம். ஓரத்தில் 10 அடி, நடுவில் 13 அடி உயரம். 2014ல் கட்டிய பழைய கொட்டாயில் ஷீட்டை 7 அடியில் போட்டு, அக்னி நட்சத்திரத்தில் மாடுகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கியதைப் பார்த்தபின் உயரத்தில் கஞ்சத்தனம் வரவில்லை, இதில் ஷீட்டுக்கு மேல் தென்னங்கீற்றும் வேய்ந்திருக்கிறோம். தரை சிமெண்ட்தான், ஆனால் வழுக்காமல் இருக்கக் கோடு போட்டு, 4 அடிக்கு 1 அங்குலம் வாட்டம். எருக்குழி கிணற்றுக்குக் கீழே, 50 அடிக்கு மேல் தள்ளி. பழைய கொட்டாயின் தரையைப் பெயர்த்துவிட்டோம், கிணற்றுக்கு மேட்டுப் பக்கம் கரை கட்டிக் கைப்பிடிச் சுவரையும் உயர்த்தினோம். வாடை போய்விட்டது, இந்த இரண்டு வருஷமாக அதே தண்ணீரைத்தான் குடிக்கிறோம்.

உங்கள் விவசாயப் பக்கத்தில் உரம், விதை, பூச்சி மருந்து, விலை நிலவரம் எல்லாம் வருகிறது. அரை ஏக்கர் மனையில் நாலு மாடும் நெல்லும் வைத்திருக்கிற குடும்பம் எதை எங்கே வைப்பது என்று, மேஸ்திரியிடம் காட்டுகிற மாதிரி அளவோடு ஒரு படம் போடுங்கள். வடக்கே சரிந்த மனைக்கு ஒன்று, தெற்கே சரிந்ததற்கு ஒன்று. விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் மாதிரிக் களத்துமேடு ஒன்று கட்டிக் காட்டினால் சுற்று வட்டாரம் முழுக்க வந்து பார்க்கும். அரசுத் திட்டத்தில் கொட்டகைக்கு இடம் குறிக்க வருகிறவர்கள், நீளம் அகலம் அளக்கும் முன் ஒரு வாளித் தண்ணீரை அங்கே ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது, வழியில் யாருடைய கிணறு இருக்கிறது என்று பார்த்துக் குறிக்க வேண்டும். இதற்குக் கருவியோ செலவோ தேவையில்லை.

பாகம் பிரிக்கப் போகிற அண்ணன் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள், கிணற்றுப் பாத்தியம் எழுதும்போதே களத்துப் பாத்தியமும் எழுதிவிடுங்கள். எங்கள் மனையை நேரில் பார்க்க விரும்பினால் யாரும் வரலாம், பழைய கொட்டாய் நின்ற இடம், கிணறு, புதுக் கொட்டாய் மூன்றையும் நடந்தே காட்டுகிறேன். செவ்வாய்க்கிழமை மட்டும் பொய்கை சந்தைக்குப் போய்விடுவேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
கே.வி.குப்பம் வட்டம், வேலூர் மாவட்டம்.