தண்ணீர் நடந்து வரும்

பாப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சிங்கப்பூரிலிருந்து போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "தேக்காவுல வாழையிலைகூடக் கிடைக்குதுப்பா. எல்லாம் இருக்கு, எதுவும் ருசிக்கல." நான் அதற்குப் பதில் சொல்லாமல், அங்கே மழை பெய்கிறதா என்று கேட்டேன். பதில் தெரியாவிட்டால் நான் மழையைப் பற்றிக் கேட்பேன் என்று உன் அம்மா கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறாள். எழுதினால் வருகிறதா பார்க்கிறேன்.

முதலில் ஒன்று. தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, காலையில் எழுந்திருக்கவே மனசில்லை என்றால் அது வேறு விஷயம். அதற்கு அப்பாவின் கடிதம் போதாது, டாக்டரைப் பார். எங்களிடம் மறைக்காதே. உன் பேச்சைக் கேட்டால் எனக்கு அப்படித் தோன்றவில்லை, சலிப்பு என்றுதான் பட்டது. அப்படி வைத்துக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன்.

இங்கே மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறந்துவிட்டார்கள். கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள், அங்கிருந்து காவிரியில் இறங்கி, குடமுருட்டியில் பிரிந்து, நம் வாய்க்காலுக்கு வர இன்னும் சில நாள். ஊரில் பேச்செல்லாம் அதுதான். டீக்கடையில் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள்.

உனக்கு எட்டு வயதில் ஒரு தடவை முதல் தண்ணீர் பார்க்கக் கூட்டிப் போனேன், நினைவிருக்கிறதா? ஏதோ வெள்ளம் போல வரும் என்று நினைத்திருந்தாய். அது நடந்து வந்தது. முன்னால் நுரை, சருகு, துரும்பு, யாரோ போட்ட பாலிதீன் பை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு, ஒரு நாக்கு மாதிரி மண்ணைத் துழாவிக்கொண்டு வந்தது. காய்ந்த மண்ணில் தண்ணீர் படும்போது வருமே ஒரு வாசனை, அதுவும் கூடவே வந்தது. நீ வாய்க்காலுக்குள் இறங்கி அதற்கு முன்னால் ஓடினாய். உன் காலடி பதிந்த பள்ளத்தில் தண்ணீர் இறங்கி, நின்று, நிரம்பி, அப்புறம்தான் மேலே நகர்ந்தது. "அப்பா, அது என் காலக் குடிக்குது!" என்று நீ போட்ட சத்தத்தில் மதகு மேல் இருந்த கொக்கு பறந்துவிட்டது.

உன் தாத்தா அன்றைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் நின்றார். அறுபது வருஷத்துக்கு மேல் பார்த்த தண்ணீர்தான். ஆனாலும் "வந்துட்டா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நடிப்பில்லை, அவருக்கு நடிக்கவும் வராது.

எனக்கு இத்தனை வருஷம் கழித்துத்தான் உறைக்கிறது. ஜனவரி 28-ல் மேட்டூரை மூடினால் ஜூன் 12 வரை ஆற்றில் மணல்தான். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும், ஆடு மேயும். வருஷம் பூரா இரண்டு கரையும் தொட்டு ஓடியிருந்தால் தாத்தா வேட்டியை மடித்துக் கட்டியிருப்பாரா? 2024-ல் மேட்டூர் திறக்க ஜூலை 28 ஆகிவிட்டது. ஆடிப்பெருக்குக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அந்த வருஷம் படித்துறையில் நின்ற பெண்கள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். காதோலை கருகமணியை ஆற்றில் விடும்போது உன் அம்மாவே பத்து வயதுப் பெண் மாதிரி இருந்தாள். இதை அவளிடம் சொல்லாதே.

வறட்சியைப் புகழ்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வாய்க்கால் முடிகிற இடத்தில் நிலம் வைத்திருக்கிற கடைமடைக்காரர் யாராவது இதைப் படித்தால் மண்வெட்டியோடு வருவார். தண்ணீர் வராமல் கருகிய பயிரை நானும் பார்த்திருக்கிறேன், அதில் ரசிக்க ஒன்றுமில்லை. நான் சொல்வது, வரும் என்று தெரிந்து காத்திருக்கிற இடைவெளியை.

தாத்தா வாரம் ஒரு லாட்டரிச் சீட்டு வாங்குவார். 2003-ல் இங்கே லாட்டரியைத் தடை செய்ததும் கொஞ்ச நாள் கை உடைந்த மாதிரி இருந்தார். ஒரு தடவைகூட விழுந்ததில்லை. நல்லவேளை என்று இப்போது தோன்றுகிறது. 1978-ல் அமெரிக்காவில் லாட்டரியில் பெரும் பணம் விழுந்த 22 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். காலைச் சாப்பாடு, நண்பரோடு பேச்சு, ஒரு நல்ல ஜோக் கேட்பது மாதிரிச் சின்ன விஷயங்களில் எவ்வளவு சந்தோஷம் கிடைக்கிறது என்று கேட்டார்கள். பணம் விழாத சாதாரண ஆட்களைவிட இவர்களுக்குக் குறைவாகவே கிடைத்ததாம். 22 பேரை வைத்து உலகத்தை எடை போட முடியாது, கணக்கு வாத்தியாருக்கு அது தெரியும். ஆனால் உன் வாழையிலை ருசிக்காதது இந்தக் கணக்கில்தான் வருகிறதோ என்று சந்தேகம்.

என் கதையையும் சொல்கிறேன். ரிட்டையர் ஆன புதிதில் ஒரு நாளைக்கு ஐந்து காபி. குடித்தேனா இல்லையா என்பதே டம்ளரைப் பார்த்தால்தான் தெரியும். சர்க்கரை வந்த பிறகு டாக்டர் இரண்டோடு நிறுத்தச் சொன்னார், அதுவும் சீனி இல்லாமல். முதல் மாதம் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். அப்புறம் பார்த்தால், காலையில் ஃபில்டரில் டிகாஷன் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டு சமையலறை வாசலில் நிற்கிறேன். டபராவில் ஆற்றும்போது எழும்புகிற நுரையை வேடிக்கை பார்க்கிறேன். மூன்று மணிக்கே சாயங்காலக் காபி ஞாபகம் வந்துவிடுகிறது. ஐந்து காபியில் இல்லாதது இரண்டில் இருக்கிறது.

தண்ணீர் குறைந்த வருஷங்களில் இங்கே முறை வைத்து விடுவார்களே, இத்தனை நாள் இந்த ஆற்றுக்கு, இத்தனை நாள் அந்த ஆற்றுக்கு என்று. நீயும் எதற்காவது ஒரு முறை வைத்துப் பாரேன். ஒன்றே ஒன்றுக்கு. நாள் முழுக்கக் காதில் மாட்டியிருக்கிறாயே, அந்தப் பாட்டுக்கு வைக்கலாம். உன் சின்ன வயதில் திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனைக்கு வருஷத்துக்கு ஒரு நாள் போவோம். பஞ்சரத்தினக் கீர்த்தனை தொடங்கும்போது நீ என் கையை இறுக்கிப் பிடிப்பாய். (எனக்குப் பாதிக் கவனம் கடைத்தெரு அசோகா அல்வா மேல் இருக்கும்.) இப்போது அது உன் பாக்கெட்டிலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும் என்று வைத்துக்கொள், ஒரு மாதம். சரிப்படவில்லை என்றால் விட்டுவிடு, நான் கேட்க மாட்டேன். கேட்பேன், ஆனால் திட்ட மாட்டேன்.

நம் தெருக்காரர் இப்போதுதான் சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போனார். தலைமதகுக்குத் தண்ணீர் வந்துவிட்டதாம், நாளைக் காலை நம் பக்கம் வரும் போலிருக்கிறது. ஐந்தரைக்கு நான் கிளம்புகிறேன். உன் அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு போகச் சொல்கிறாள். கரை வரைக்கும் போட்டுக்கொள்வேன்.

அப்பா