பரிசளிப்பு விழாவில் பெயர் வாசிக்கப்படாதவர்களுக்கு

அன்புக்குரிய ஐயாமார், அன்ரிமார், அண்ணைமார், தங்கச்சிமாருக்கு,

பரிசளிப்பு விழாவில் நன்றியுரை சொல்ல எனக்கு மூன்று நிமிடம் தந்தார்கள். பிரதம விருந்தினர், அதிபர், வலயக் கல்விப் பணிப்பாளர், பழைய மாணவர் சங்கம் என்று வரிசைப்படி சொல்லி முடிக்கவே நேரம் சரியாகிவிட்டது. அவர்களுக்குச் சொல்ல வேண்டியதுதான், குறை இல்லை. ஆனால் என் சான்றிதழில் விளையாட்டு, சமூக சேவை, தலைமைத்துவம் என்று மூன்று சொற்களை அச்சடித்திருக்கிறார்கள். அந்த மூன்றிலும் எனக்குக் கைகொடுத்தவர்களில் அநேகர் அன்று மண்டபத்துக்கே வரவில்லை. வேலைக்குப் போயிருப்பார்கள், இல்லாவிட்டால் யாரும் அழைப்பிதழ் கொடுத்திருக்க மாட்டார்கள். உயர்தரப் பரீட்சை முடிந்து இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். ஆறுதலாக எழுதலாம்.

முதலில் மெத்தையைப் பற்றி. கோலூன்றிப் பாய்தல், பார்க்கிறவர்களுக்குத் தனியாள் விளையாட்டு. ஒரு பிள்ளை கோலோடு ஓடி வருகிறாள், பெட்டியில் ஊன்றுகிறாள், எழும்பிப் பாய்கிறாள், கைதட்டல். ஒரு நாள் பயிற்சிக்கு வந்து பார்த்தால் கதை வேறு. மெத்தையை இழுத்துப் போட ஐந்தாறு பேர் வேண்டும். குறுக்குத் தடி விழ விழ எடுத்து வைக்க இரண்டு பேர், ஓட்டத்தின் காலடியை அளந்து அடையாளம் போட ஒருவர். பாய்கிறவளுக்கு வேலை சில செக்கன்கள். மற்றவர்களுக்குப் பின்னேரம் முழுக்க.

எங்கள் மெத்தை புதியது அல்ல. மாரி தொடங்கினால் ஸ்பொஞ்ச் தண்ணீரைக் குடித்துவிடும், பிறகு காய ஒரு கிழமை எடுக்கும். தறப்பாளில் அதற்கு உறை தைத்தது என் அம்மா. வீட்டுத் தையல் மெசினில் தறப்பாள் தைப்பது லேசான வேலை இல்லை, ஊசி உடைந்துகொண்டே இருந்தது. பிறத்தியாரின் பிளவுஸ்களை ஓரமாக வைத்துவிட்டு அதைத்தான் முதலில் முடித்தார். மழை இருட்டிக்கொண்டு வந்தால் அந்த உறையை இழுத்து மூடியவர் காவலாளி ஐயா. அவருடைய வேலைப் பட்டியலில் மெத்தை இல்லை. விடியக் காலையில் படலையைத் திறந்துவிட்டதும் அவர்தான். ஐயா, உங்களுக்கு நன்றி. நாங்கள் மைதானத்தில் நிற்கும்போது ஒரு நாளும் நீங்கள் கதிரையில் இருந்ததை நான் பார்க்கவில்லை.

எங்கள் பயிற்றுநர் அண்ணை பகலில் வயரிங் வேலைக்குப் போகிறவர். பின்னேரம் நாலு மணிக்குக் கையில் சுண்ணாம்புத் தூளோடு மைதானத்துக்கு வந்துவிடுவார். அவருக்குச் சம்பளம் என்று யாரும் கொடுத்ததில்லை. மெத்தை சரியில்லை என்று நாங்கள் முணுமுணுத்தால் எதிர்வீரசிங்கத்தின் கதையைத் தொடங்குவார். 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, இலங்கைக்கு ஆசிய விளையாட்டில் முதல் தங்கத்தைக் கொண்டுவந்த யாழ் மத்திய கல்லூரிப் பழைய மாணவர். "அந்தக் காலத்தில் மெத்தையே இல்லை பிள்ளை, மணலிலும் மரத்தூளிலும்தான் விழுந்தவை" என்பார். பல தடவை கேட்டுக் கேட்டு அலுத்த கதைதான். ஆனாலும் அதற்குப் பிறகு மெத்தையைப் பற்றிக் கதைக்க வாய் வராது. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன் அக்கா கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தபோது நான் சின்னப் பிள்ளை. அந்தப் பத்திரிகைப் படத்தை வெட்டி வைத்திருந்து, நான் தரம் ஒன்பதில் கோலைத் தொட்ட அன்று காட்டியவரும் இந்த அண்ணைதான்.

அகில இலங்கைப் போட்டிக்குக் கொழும்பு போனதைச் சொல்லாமல் விட முடியாது. கோல் பதினொரு பன்னிரண்டு அடி நீளம், பஸ்ஸுக்குள் ஏறாது. முதலில் கேட்ட இரண்டு பஸ்காரரும் கையை விரித்துவிட்டார்கள். மூன்றாவது பஸ்ஸின் நடத்துநர் அண்ணை ஒன்றும் கேட்கவில்லை. கோல்களைப் பழைய படுக்கை விரிப்பால் சுற்றி, கூரையில் ஏறிக் கட்டினார். ஏ-9 வீதியில் தேநீருக்கு நிறுத்திய இடத்தில் எல்லாரும் இறங்கிப் பிளேன்ரீ குடிக்க, அவர் திரும்பவும் கூரையில் ஏறி முடிச்சுகளை இழுத்துப் பார்த்தார். சுகததாச மைதானத்தில் நான் நாலாவதாக வந்தேன். நாலாவதுக்குப் பதக்கம் இல்லை. அது என் சொந்த உயரங்களில் ஆகக் கூடியது, எனக்கு அது போதும். கோல் கீறல் படாமல் வந்து சேர்ந்ததற்கு நடத்துநர் அண்ணைக்கு நன்றி. பெயர் கேட்டு வைக்கவில்லை, இரவு பஸ்ஸில் போகிற யாராவது இந்த மடலை அவருக்கு வாசித்துக் காட்டினால் சந்தோஷம்.

"பயோ படிக்கிற பிள்ளைக்கு ஏன் இந்தப் பாய்ச்சல்?" என்று கேட்டவர்களின் பட்டியல் நீளம். அதை இங்கே எழுதவில்லை. மாகாணப் போட்டிக் கிழமையில் ரியூசனுக்கு வராமல் விட்டதை ஒரு பிழையாகவே எடுக்காத இரசாயனவியல் சேருக்கும், எனக்காகச் சேதனக் கட்டமைப்புகளை எல்லாம் இரண்டாந்தரம் கொப்பியில் கீறித் தந்த சிநேகிதிக்கும் நன்றி.

இனி நல்லூர்க் கந்தன் திருவிழா. முதலுதவிப் படையணியில் சேரும்போது சீருடை வடிவாக இருக்கிறது என்பதுதான் பாதிக் காரணம். திருவிழா 25 நாள் நடக்கும், 24ஆம் நாள் தேர். அன்று வீதியில் கால் வைக்க இடம் இருக்காது. விரதம் இருந்து, விடியவே வந்து, வெயிலில் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழித்துக்கொண்டு போகிற அம்மாமார் மயங்கி விழுவார்கள். சிதறு தேங்காய்ச் சிரட்டை காலில் வெட்டும், சின்னப் பிள்ளைகள் கைதவறிப் போகும். படுக்க வை, காலை உயர்த்து, காற்றுப் பட விடு, நினைவு திரும்பி நன்றாக விழுங்கத் தொடங்கிய பிறகு மட்டும் ஜீவனி என்கிற உப்புச்சீனித் தூளைக் கரைத்துக் கொடு. வகுப்பில் படித்தது இவ்வளவுதான். கூட்டத்தை எப்படி விலக்குவது என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. அதைக் காட்டித் தந்தவர் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு அன்ரி. ஒருவர் விழுந்தால் சுற்றி நிற்கிறவர்களை "தள்ளி நில்லுங்கோ" என்று கத்தினால் யாரும் அசைய மாட்டார்கள். "நீங்கள் குடையைப் பிடியுங்கோ, நீங்கள் தண்ணி எடுங்கோ, நீங்கள் அவவின்ர ஆக்களைத் தேடுங்கோ" என்று ஆளாளுக்கு ஒரு வேலை கொடுத்தார். வட்டம் தானாக விரிந்தது. மாணவத் தலைவியாக இருந்த வருடம் முழுக்க நான் பாவித்தது அந்த அன்ரியின் முறைதான். தலைமைத்துவப் பயிற்சி முகாமில் எங்களைக் கண்ணைக் கட்டி ஓட விட்டார்கள், பலூன் ஊத விட்டார்கள். அதைவிட மோர்ப்பந்தல் எவ்வளவோ மேல்.

இரவு எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு வீதியைக் கூட்டி அள்ளுகிற மாநகர சபைத் தொழிலாளருக்கும் இங்கேயே ஒரு நன்றி. விடிய நாங்கள் வெறுங்காலோடு மணலில் கடமைக்கு வந்து நின்றது அவர்களால்தான்.

மாணவத் தலைவர் சபையை நாங்கள் பொறுப்பெடுத்தபோது, பிந்தி வருகிறவர்களின் பெயரை வாசலில் எழுதுகிற கொப்பி ஒன்று கைமாறி வந்தது. வருடக்கணக்காக அதே வேலை. கொப்பியைப் புரட்டினால் அதே பெயர்கள், அநேகமாகத் தீவுகளில் இருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளைகள். தரம் எட்டில் படிக்கிற வேலணைத் தங்கச்சி ஒருத்தி ஒரு நாள் பெயரைச் சொல்லாமல், "அக்கா, பஸ்ஸின்ர பெயரையும் எழுதுங்கோ" என்றாள். மற்றத் தலைவிகளுக்குக் கோபம் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் யோசனை வந்தது. ஒரு கிழமை பஸ் வந்த நேரத்தையும் சேர்த்து எழுதினோம். அந்தக் கணக்கைப் பார்த்த அதிபர், அந்தப் பிள்ளைகளுக்குக் காலைப் பிரார்த்தனை முடியும் வரை விலக்குக் கொடுத்தார். பஸ் நேரம் மாறவில்லை, அது வேறு கதை. தங்கச்சி, வாசலில் சீருடைப் பட்டி கட்டி நின்ற எங்களிடம் அதைச் சொல்ல உனக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருக்கும்!

இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குக் கமுகு வெட்டி, கிடுகு கட்டி, இரண்டு இரவு நித்திரை இல்லாமல் இல்லம் அலங்கரித்த அண்ணைமாருக்கும் நன்றி. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பின்னேரத்தில் பிரித்துப் போடுகிற அலங்காரத்துக்கு இவ்வளவு காசு வேண்டாம். பெற்றோரிடம் சேர்க்கிற அந்தக் காசில் பாதி போதும், இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு ஸ்பைக்ஸ் சப்பாத்து வாங்கலாம். இதை இல்லக் கூட்டத்திலும் சொன்னேன், எடுபடவில்லை. அடுத்த தலைவி சொல்லிப் பார்க்கட்டும்.

அம்மம்மாவுக்குத் தனியாக எழுதத் தேவையில்லை, அவர் கண்ணாடி இல்லாமல் வாசிக்கவும் மாட்டார். ஒவ்வொரு இரவும் சித்தாலேப பூசி என் குதிக்காலைத் தேய்த்துக்கொண்டே, பொம்பிளைப் பிள்ளை இப்படிப் பாயலாமா என்று ஏசுவார். மாகாணப் போட்டியன்று துரையப்பா மைதானத்தில் குடையோடு முன்வரிசையில் இருந்தவரும் அவர்தான்.

கடைசியாக ஒரு விஷயம். என்னுடைய ஸ்பைக்ஸ் சப்பாத்து ஐந்தாம் இலக்கம், அடி இன்னும் தேயவில்லை. கழுவிக் காயவைத்துக் காவலாளி ஐயாவிடம் கொடுத்திருக்கிறேன். தரம் ஒன்பது, பத்தில் கால் பொருந்துகிற தங்கச்சி யாராவது போய் வாங்கிக்கொள்ளுங்கள். ஆணி இரண்டு மாற்ற வேண்டும், மாற்று ஆணியும் திருகுகிற சாவியும் இடது சப்பாத்துக்குள் இருக்கின்றன.

அன்புடன்,
கடந்த வருடச் சிரேஷ்ட மாணவத் தலைவி
யாழ்ப்பாணம்