வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "ஜெபிக்க நேரம் கிடைப்பதில்லை, யாரையும் போய்ப் பார்க்கவும் முடிவதில்லை" என்று விசுவாசிகள் மனம் வருந்திச் சொல்வது சபைகளில் கூடிக்கொண்டே வருகிறது. "தேவனுக்கு முதலிடம் கொடுங்கள், பிறனை நேசியுங்கள்" என்பதுதான் இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது சரியான பதில்தான். ஆனால் திங்கட்கிழமை காலையில் அதை எப்படிச் செய்வது என்பதை யாரும் சொல்வதில்லை. வேதபாட வகுப்பும் வீடு சந்திப்பும் செய்துவரும் நாங்கள் சிலர் சேர்ந்து அதைப் பற்றி எழுதுகிறோம்.

லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில் இரண்டு கட்டளைகள் ஒன்பது வசன இடைவெளியில் வருகின்றன. 9-ஆம் வசனம் அறுவடையின்போது வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்கிறது. 18-ஆம் வசனம்தான் எல்லாருக்கும் தெரிந்த 'பிறனிலும் அன்புகூருவாயாக'. 23-ஆம் அதிகாரம் ஆண்டு முழுவதுக்குமான பண்டிகைகளின் அட்டவணை. முதல் கதிர்க்கட்டைத் தேவனுக்குக் கொண்டுவரச் சொல்லும் அந்த அட்டவணையின் நடுவிலேயே, 22-ஆம் வசனத்தில், வயல் ஓரக் கட்டளை மறுபடியும் எழுதப்பட்டிருக்கிறது. முதல் கட்டு தேவனுக்கு, ஓரம் எளியவனுக்கு. இரண்டும் ஒரே வயலில் விளைந்தவை. நம் நாளையும் இப்படித்தான் பிரிக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். முழுவதையும் அறுத்து முடித்துவிட்டு, மிச்சம் இருந்தால் கொடுக்கலாம் என்று காத்திருப்பவருக்கு மிச்சம் இருப்பதே இல்லை.

பிற்கால யூத ரபீமார் தொகுத்த மிஷ்னா இந்த ஓரத்துக்கு ஒரு குறைந்தபட்ச அளவும் வைத்தது: 60-இல் ஒரு பங்கு. நாம் விழித்திருக்கும் நேரம் 16 மணி என்றால் அதில் 60-இல் ஒரு பங்கு 16 நிமிடம். வாரத்துக்கு 112 நிமிடம், அதாவது ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நேரமே இல்லை என்று சொல்பவரும் தொடங்கக்கூடிய அளவு இது.

முதலில் ஜெபத்தைப் பார்ப்போம். ஆண்டின் முதல் நாளில் "தினமும் ஒரு மணி நேரம் ஜெபம், ஒரே வருடத்தில் முழு வேதாகமம்" என்று தீர்மானிப்பவர்கள் எங்கே நின்றுபோகிறார்கள் என்று கணக்குப் போட்டே சொல்லலாம். 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள். ஒரு நாளைக்கு மூன்றேகால் அதிகாரம் வாசிக்க வேண்டும். ஆதியாகமத்தின் 50, யாத்திராகமத்தின் 40 அதிகாரங்களும் முடிவதற்குள் ஜனவரி மாதக் கடைசி வந்துவிடும். அடுத்து வருவது லேவியராகமம். பலிகள், தோல் நோய்கள், தீட்டுச் சட்டங்கள். அதற்குள் நான்கைந்து நாள் வாசிப்பு பாக்கியும் சேர்ந்திருக்கும். பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 19-ஆம் அதிகாரத்தை எட்டுவதற்கு இரண்டொரு நாள் முன்பாக நிறுத்திவிடுகிறார்களே என்பதுதான் எங்களுக்கு வேதனை.

ஆகவே பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். ஒரு நிமிடம் பேசாமல் இருப்பது, நான்கு நிமிடம் வாசிப்பது, நான்கு நிமிடம் ஜெபிப்பது, கடைசி ஒரு நிமிடம் அன்றைக்கு நினைவில் வைக்க வேண்டிய ஒரு வசனத்தையும் ஒருவருடைய பெயரையும் எழுதுவது. வாசிக்க மாற்கு நல்ல தொடக்கம். நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது. 16 அதிகாரம், 678 வசனம். நாளுக்கு 15 வசனம் என்றால் ஒன்றரை மாதத்தில் முடிந்துவிடும். ஒரு புத்தகத்தை முடித்தவர் அடுத்ததைத் தானாகவே எடுப்பார்.

நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல், தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு கட்டுங்கள். "காலை 5.30" என்று வைத்தால் 5.50-க்கு எழுந்த அன்று எல்லாம் போய்விடும். "முகம் கழுவியவுடன், கைப்பேசியைத் தொடுவதற்கு முன்" என்று வைத்தால் எத்தனை மணிக்கு எழுந்தாலும் அது நடக்கும். இரவுப்பணி செய்பவர்களுக்கும் இதுவே பொருந்தும். அவர்கள் எழுந்திருக்கும் நேரம்தான் அவர்களுடைய காலை. இயேசு இருட்டோடே எழுந்து தனியிடத்துக்குப் போனதை மாற்கு 1:35 சொல்கிறது. அதற்கு முந்தைய மாலை பட்டணத்தார் எல்லாரும் வீட்டு வாசலில் கூடியிருந்தார்கள் என்பதையும் அதே அதிகாரம் சொல்கிறது. ஆட்கள் வந்து சேர்வதற்கு முன்னான நேரத்தை அவர் தேர்ந்துகொண்டார். உங்களைத் தேடி ஆட்களும் செய்திகளும் வரத் தொடங்குவதற்கு முந்தைய நேரம் எது என்று பாருங்கள்.

கைப்பேசியிலேயே வேதம் வாசிப்பவர்கள் அந்தப் பத்து நிமிடத்துக்கு இணைய இணைப்பை அணைத்துவிட வேண்டும். அச்சிட்ட வேதாகமம் இன்னும் நல்லது. சிந்தை அலைவதற்குப் பாதிக் காரணம் மறந்துவிடுவோமோ என்ற பயம். பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் இருக்கட்டும். "மின்கட்டணம்" என்று நினைவு வந்தால் அதை எழுதிவிட்டு ஜெபத்துக்குத் திரும்புங்கள்.

ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டு பங்கு வாசிக்க வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறோம். ஜெபவாழ்க்கை நின்றுபோவதற்குத் தவறிய நாளைவிடப் பாக்கிக் கணக்குதான் பெரிய காரணம். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், படுத்த படுக்கையான பெற்றோரைப் பராமரிப்பவர்கள் பத்து நிமிடத்துக்கும் வழியில்லை என்றால் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம். 117-ஆம் சங்கீதத்தில் இரண்டே வசனங்கள், 131-இலும் 134-இலும் மூன்று மூன்று. தானியேல் மூன்று வேளையும் ஜெபித்ததுபோல, காலை ஒரு சங்கீதம், நண்பகலில் பரமண்டல ஜெபம், படுக்கும்போது ஒரு நன்றி போதும். நண்பகல் ஜெபம் ஒரு நிமிடம்கூட ஆகாது.

குடும்ப ஜெபம் பல வீடுகளில் நின்றுபோனதற்கு நாங்கள் காணும் காரணங்கள் எளிமையானவை. எல்லாரும் வந்து சேரட்டும் என்று காத்திருக்கிறார்கள்; இருக்கிற இருவரோடு தொடங்கிவிட வேண்டும். பெரியவர் ஒருவரே இருபது நிமிடம் ஜெபிக்கிறார். "ஆண்டவரே, இந்தப் பிள்ளை போனை வைத்துவிட்டுப் படிக்கக் கிருபை செய்யும்" என்று பிள்ளையைக் கண்டிப்பதும் அந்த ஜெபத்துக்குள்ளேயே நடக்கிறது. அப்படி இரண்டு முறை கேட்ட பிள்ளை மூன்றாம் நாள் ஜெப நேரத்தில் தூங்கிவிட்டதாகப் படுத்துக்கொள்ளும். ஒரு பாட்டு, எட்டுப் பத்து வசனம், ஆளுக்கு ஒரு வாக்கியம் ஜெபம் என்று வைத்தால் பத்து நிமிடத்தில் முடியும், பிள்ளைகளும் வாய் திறப்பார்கள்.

இனி வயலின் ஓரம். வாரத்தின் 112 நிமிடத்தை இப்படிப் பங்கிடலாம்: ஒரு வீட்டுச் சந்திப்புக்குப் போக்குவரத்தோடு ஒரு மணி நேரம், இரண்டு தொலைபேசி அழைப்புகளுக்கு இருபது நிமிடம். மீதியை யாருக்கும் ஒதுக்காதீர்கள். நியாயப்பிரமாணத்தில் வயல்காரன் ஓரத்துக் கதிரை அறுத்துத் தனக்குப் பிடித்தவருக்குக் கொடுக்கவில்லை. எளியவன் வந்து தானே எடுத்துக்கொண்டான். அதுபோல, எதிர்பாராமல் வாசலில் நிற்பவருக்கும் வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில் "ஒரு நிமிடம் பேசணும்" என்பவருக்கும் அந்த அரைமணி இருக்க வேண்டும். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே இடைவெளியே விடாமல் நாளை அடைத்துவிட்டு, பிறனுக்கு மனம் இல்லையே என்று நம்மை நாமே நொந்துகொள்வதில் பயனில்லை. மனம் இருந்தாலும் இடம் இல்லை.

உதவத் தொடங்கினால் முடிவே இருக்காது என்று அஞ்சுகிறவர்கள் லூக்கா 10-ஐ மறுபடி வாசிக்க வேண்டும். கள்ளரிடம் அடிபட்டு வழியில் கிடந்தவனைக் கண்ட அந்தச் சமாரியன், அவன் காயத்துக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், ஓர் இரவு சத்திரத்தில் கவனித்துக்கொண்டான். மறுநாள் இரண்டு பணம் கொடுத்து, சத்திரக்காரனிடம் ஒப்படைத்துவிட்டுத் தன் பயணத்தைத் தொடர்ந்தான். மத்தேயு 20-இன்படி ஒரு பணம் ஒரு நாள் கூலி. ஆகவே அவன் கொடுத்தது இரண்டு நாள் கூலி. அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னான். தானே செய்தது, இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டது, திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்தது ஆகிய மூன்றும் அதில் உண்டு. தனி ஒருவராக எல்லாவற்றையும் சுமக்க முயன்று மூன்றே மாதத்தில் களைத்து ஒதுங்குகிறவர்கள் விட்டுவிடுவது நடுவில் உள்ள சத்திரக்காரனை. தொடக்கத்திலேயே இரண்டாவது ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நோயாளியைப் பார்க்கப் போகும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். மருந்து நேரமும் சாப்பாட்டு நேரமும் வேண்டாம். நின்றுகொண்டே பேசாமல் உட்காருங்கள். நிற்பவர் பத்து நிமிடம் இருந்தாலும் கிளம்பப்போகிறவராகவே தோன்றுவார். இருபது நிமிடம் போதும். அதே வியாதி வந்த வேறொருவரின் கதையைச் சொல்லக் கூடாது, அவர் பிழைத்திருந்தாலும்கூட. ஜெபிக்கட்டுமா என்று கேட்டு, ஒப்புக்கொண்டால் இரண்டு நிமிடம், அவர்கள் சொன்ன தேவையை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே ஜெபியுங்கள். கிளம்பும்போது "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். யோசித்து, கூச்சத்தை விட்டுக் கேட்க வேண்டிய சுமை அவர்கள் தலையில் விழுகிறது. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. "வியாழக்கிழமை பரிசோதனைக்கு நான் கூட வருகிறேன், எட்டு மணிக்கு வரட்டுமா?" என்றால் ஆம், இல்லை என்று சொன்னால் போதும். குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் மட்டும் சொல்வதைப் பற்றி யாக்கோபு எழுதியது இதைத்தான்.

துக்க வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அடக்கம் முடிந்த முதல் சில நாட்கள் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். இரண்டாம் வாரத்தில் உறவினர் ஊர் திரும்புவார்கள், தொலைபேசி அடங்கும். உண்மையான தனிமை அப்போதுதான் தொடங்குகிறது. ஆகவே அடக்கத்துக்குப் போய்வந்த அன்றே நாட்காட்டியில் நான்கு தேதிகளைக் குறியுங்கள்: மூன்றாம் வாரம், ஆறாம் வாரம், மூன்றாம் மாதம், முதலாம் ஆண்டு நினைவுநாள். அந்தத் தேதிகளில் போகும்போது, இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பேச்சை மாற்றுவது ஆறுதல் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லையே என்பதுதான் அநேகம் பேரின் ஏக்கம்.

தனியாக வாழும் முதியவர்களுக்கு வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் பேசுங்கள். பத்து நிமிடம் போதும். முடியாத வாரத்தில் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். அவர்கள் தொலைபேசி அருகிலேயே காத்திருப்பார்கள்.

ஜெப நேரத்திலேயே ஒருவர் வந்து கதவைத் தட்டினால்? 1633-இல் லூயிஸ் தெ மரியாக்குடன் சேர்ந்து ஏழை நோயாளிகளுக்கான சகோதரிகள் குழுவைத் தொடங்கிய வின்சென்ட் தெ பவுல், இந்தக் கேள்விக்கு அந்தச் சகோதரிகளுக்குத் தெளிவாகப் பதில் கொடுத்தார். ஜெபத்தின் நடுவே ஓர் ஏழைக்கு மருந்து கொண்டுபோக வேண்டியிருந்தால் கலங்காமல் போங்கள், அது தேவனை விட்டுத் தேவனிடமே போவது என்றார். மகள் சாகும் தறுவாயில் இருக்கிறாள் என்று அழைத்த யவீருவின் வீட்டுக்கு அவசரமாகப் போகும் வழியில் இயேசுவும் பன்னிரண்டு வருஷம் நோயாயிருந்த பெண்ணுக்காக நின்றார். ஆனால் அந்தச் சகோதரிகளுக்கு விட்டுவிட்டுப் போவதற்கு ஒரு நிலையான ஜெப நேரம் இருந்தது. திரும்பி வருவதற்கும் இருந்தது. ஜெபிக்காமலேயே இருப்பதற்கு இந்த வார்த்தையைச் சாக்காகச் சொல்லக் கூடாது.

கடைசியாக, போதகர்களுக்கும் சபைக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். வாரத்தில் நான்கு மாலைகள் பாடகர் பயிற்சி, வாலிபர் கூட்டம், கமிட்டி, உபவாச ஜெபம் என்று போனால், விசுவாசி வீட்டில் வயதான தாயோடு எப்போது உட்கார்ந்து பேசுவார்? தேவனுக்குக் காணிக்கையாக்கிவிட்டேன், அது கொர்பான், என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டதை மாற்கு 7-இல் இயேசு கடுமையாகக் கண்டித்தார். காணிக்கை என்பது பணம் மட்டுமல்ல, மாலை நேரமும்தான். வாரத்தில் ஒரு மாலையாவது சபையில் எந்த நிகழ்ச்சியும் வைக்காமல், அது வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் உரியது என்று ஞாயிறு அறிவிப்பிலேயே சொல்லுங்கள். ஆலயத்துக்கு வர முடியாதவர்களின் பெயர்களை அவர்கள் சம்மதத்தோடு எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு குடும்பங்களைக் குறித்துவையுங்கள். ஒரு குடும்பம் ஊரில் இல்லாதபோது மற்றது போகலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டியலைக் கமிட்டியில் எடுத்து, யாரை யார் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள். வரவு செலவுக் கணக்குக்கு முன்பாகவே கேளுங்கள்.

இப்படிக்கு,
வீடு சந்திப்பு ஊழியத்தில் உள்ள வாசகர்கள்